மோட்டார் இல்லாத பம்பு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். டைப் 1 சர்க்கரை நோய், பம்பு, மோட்டார், ஒரு மெல்லிய கம்பி. இந்த நாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேரும். டீ போட்டு எடுத்துக்கிட்டு பொறுமையாகப் படிங்க.

போன மாதம் எங்கள் ஓ.பி.க்கு ஒரு பையன் வந்தான். பத்து வயசு. டைப் 1 சர்க்கரை நோய். அவன் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. இந்த வகையில் மாத்திரை, கசாயம், பத்தியம் எதுவும் இன்சுலினுக்கு மாற்று கிடையாது. ஊசியில் இன்சுலின் போட்டால்தான் உயிர். தினமும் நாலு ஊசி.

அதற்கு இரண்டு மாதம் முன்னாடி இதே பையன் எமர்ஜென்சியில் வந்து படுத்தவன். வாந்தி, வேக வேகமான மூச்சு, அரை மயக்கம். கீட்டோஅசிடோசிஸ். பிழைச்சுக்கிட்டான். தெளிந்த பிறகு மெதுவாக விசாரித்தால், மதியம் பள்ளிக்கூடத்தில் போட வேண்டிய ஊசியை அவன் பல நாளாகப் போடவே இல்லை. பசங்க கிண்டல் பண்றாங்கன்னு பாத்ரூமுக்குள் போய் நின்றுவிட்டு, ஊசியை எடுக்காமலே வகுப்புக்குத் திரும்பியிருக்கான். வீட்டில் கேட்டால் "போட்டுட்டேன்".

போன மாதம் அவனைக் கூட்டி வந்தது அப்பா. கணபதி பக்கம் ஒரு பட்டறையில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றார்.

"ஏனுங்க டாக்டர், இன்சுலின் பம்புன்னு ஒன்னு இருக்குதாமா. ஒடம்புல ஒட்டி வச்சா அதுவே மருந்து ஏத்துமாமா. நெசந்தானுங்களா?"

"ஆமாங்க, இருக்கு."

"அதுக்குள்ளயும் மோட்டார்தானுங்களே இருக்கோணும்? அத்தச் சிறுசா எப்படீங்க காயில் கட்டுவாங்க?"

"குட்டி மோட்டார் இருக்கும்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னாடி வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

அன்றைக்கு நைட் டியூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. எடுத்துப் படித்தேன். நான் சொன்னது பாதிதான் சரி. பெரும்பாலான இன்சுலின் பம்புகளில் குட்டி மோட்டார் இருக்கிறது. ஆனால் உலகத்தில் பரவலாகப் பயன்படும் ஒரு பம்பில் மோட்டாரே கிடையாது. காயில் இல்லை, காந்தம் இல்லை, பேரிங் இல்லை. மருந்தைத் தள்ளுவது ஒரு மெல்லிய கம்பி.

அமெரிக்காவின் இன்சுலெட் நிறுவனம் செய்யும் ஆம்னிபாட் என்ற பம்பு அது. 2005இல் அந்த நாட்டில் அனுமதி வாங்கியது. ட்யூப் கிடையாது. கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் சின்ன டப்பா. 200 யூனிட் இன்சுலின் வரை பிடிக்கும். மூன்று நாள் வேலை செய்யும், அப்புறம் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று ஒட்ட வேண்டும்.

சரி, கம்பி எப்படி மருந்தைத் தள்ளும்?

அந்தக் கம்பி நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழ சம அணுக்களாகக் கலந்த உலோகக்கலவை. பெயர் நிட்டினால். இந்த மாதிரி உலோகங்களுக்குப் பொதுப்பெயர் வடிவ நினைவு உலோகக்கலவை. தன் பழைய வடிவத்தை "ஞாபகம்" வைத்திருக்கும். குளிர்ந்த நிலையில் இழுத்து நீட்டலாம், வளைக்கலாம். சூடு காட்டினால் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும். திரும்பும்போது சும்மா திரும்பாது, பலமாக இழுத்துக்கொண்டு திரும்பும்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. ஒரு தீப்பெட்டியின் வெளிக்கூட்டைக் கையில் எடுங்க. குச்சி வைக்கும் உள்பெட்டியை உருவிவிடுங்க. இப்போது கூட்டை ஒரு பக்கமாக அழுத்தினால் அது சாய்ந்து படுக்கும். ஆனால் அட்டை கிழியாது, எந்த மூலையும் பிரியாது. திரும்ப நேராக்கலாம். நிட்டினாலுக்குள் அணுக்கள் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. குளிரில் சாய்ந்த கூடு, சூட்டில் நேரான கூடு. சாதாரண இரும்புக் கம்பியை ஓங்கி வளைத்தால் அணுக்கள் பக்கத்து வீட்டை விட்டே நகர்ந்துவிடும், திரும்ப வராது. இதில் பக்கத்து வீடு மாறுவதில்லை. அதனால்தான் திரும்பி வர முடிகிறது.

இப்போது பம்புக்கு வருவோம். கம்பியில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கம்பி சூடாகிறது, சுருங்குகிறது. சுருங்கும்போது ஒரு சின்ன நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் ஒரு பல்சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்துகிறது. சக்கரம் ஒரு திருகாணியைத் திருப்ப, திருகாணி பிஸ்டனை மயிரிழை அளவு தள்ளுகிறது. மின்சாரம் நின்றதும் கம்பி ஆறித் தளர்கிறது. அடுத்த பல்லுக்குத் தயார்.

ஒரு தள்ளலில் எவ்வளவு மருந்து போகும்? 0.05 யூனிட். பம்பில் போடுவது மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலின், நம்ம அரசு மருத்துவமனையில் வரும் 40 யூனிட் குப்பி அல்ல. அந்தக் கணக்கில் 0.05 யூனிட் என்பது அரை மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. சிரிஞ்சு வைத்து எந்த நர்ஸாலும் இதை அளந்து போட முடியாது. டாக்டராலும்தான்.

கம்பியின் பலம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 0.15 மி.மீ. பருமன், கிட்டத்தட்ட முரட்டுத் தலைமுடி அளவு உள்ள நிட்டினால் கம்பி ஏறத்தாழ 300 கிராம் எடையைத் தொடர்ந்து இழுக்கும். பத்து செ.மீ. கம்பி சுருங்கினால் நாலு மி.மீ. குறையும். அவ்வளவுதான் அதன் ஆட்டம். ஆனால் சத்தம் இல்லை, சுழலும் பாகம் இல்லை, எண்ணெய் போட வேண்டாம். இப்படி சூட்டையோ மின்சாரத்தையோ அசைவாக மாற்றும் பொருளை எஞ்சினியர்கள் ஆக்சுவேட்டர் என்கிறார்கள். நம்ம பாஷையில் இயக்கி.

இந்த உலோகம் கிடைத்த கதை சுவாரஸ்யமானது. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கு, சூடும் அடியும் தாங்கும் உலோகம் தேடிக்கொண்டிருந்தார். இந்தக் கலவை நன்றாக வளைகிறது என்று காட்ட, ஒரு தகட்டை விசிறி மாதிரி மடித்து ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். கையில் கைக்கு மாறும்போது டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரி தன் பைப் பற்றவைக்கும் லைட்டரை அதன் அடியில் காட்டினார். மடிப்பு எல்லாம் விரிந்து தகடு நேரானது. நிட்டினால் என்ற பெயரில் "நி" நிக்கல், "டி" டைட்டானியம், கடைசிப் பகுதி அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகள். ஏவுகணைக்குத் தேடிய உலோகம், இன்று குழந்தைக்கு இன்சுலின் தள்ளுகிறது.

அப்போ எல்லா மோட்டாரையும் தூக்கிப் போட்டுவிட்டு கம்பி வைத்துவிடலாமா? கூடாது. இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, இது மின்சாரத்தைத் தின்னும். கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வேலையாக மாறினாலே பெரிய விஷயம். மீதி எல்லாம் சூடாகப் போய்விடும். இதை வைத்து போர்வெல்லில் தண்ணீர் இறைத்தால் தோட்டத்தை விற்றுத்தான் கரண்ட் பில் கட்ட வேண்டும்.

இரண்டு, மெதுவானது. சூடாக்குவது கண் இமைக்கும் நேரம். ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் மோட்டாரோடு இது போட்டியே போட முடியாது.

மூன்று, களைத்துப்போகும். திரும்பத் திரும்பச் சுருங்கி விரிந்தால் ஒரு கட்டத்தில் ஞாபகம் மங்கும், கம்பி அறும்.

இப்போது அந்தப் பம்பைத் திரும்பப் பாருங்க. 200 யூனிட்டை 0.05 ஆல் வகுத்தால் 4000. கம்பி தன் வாழ்நாளில் அதிகபட்சம் ஏறத்தாழ நாலாயிரம் தடவை சுருங்கினால் போதும், மூன்று நாளில் அதற்கு ஓய்வு. களைப்பு பிரச்சினையே வராது. சில நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பெரும்பாலும் தள்ள வேண்டும், எனவே மெதுவாக ஆறினாலும் பரவாயில்லை. தள்ளுவது அரை மைக்ரோலிட்டர், எனவே வீணாகும் மின்சாரமும் சின்ன பேட்டரிக்குள் அடங்கும். இந்தக் கம்பியின் மூன்று குறையும் பாதிக்காத ஒரு வேலையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு உலோகத்தை விட இந்த யோசனைதான் பெரிதாகத் தெரிந்தது.

வேறு இடங்களிலும் இதே தந்திரம்தான். 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் என்ற குட்டி ஊர்தியில், தூசி படிவதை அளக்க ஒரு கண்ணாடி மூடியை நகர்த்தியது நிட்டினால் கம்பி. சில செல்போன் கேமராக்களில் லென்ஸை நகர்த்துவதும் இந்தக் கம்பிதான். 2014 மாடல் கார்வெட் காரில் டிக்கி மூடும்போது காற்றை வெளியேற்றும் சின்னக் கதவைத் திறக்க மோட்டாருக்குப் பதிலாக இதை வைத்தார்கள். எல்லாமே கொஞ்ச தூரம், கொஞ்ச நேரம், இடம் குறைவு, எடை குறைவு.

சிலர் கேட்பீர்கள்: "டாக்டர், கம்பி சூடாகுதுன்னா தோல் சுடாதா? மே மாச வெயில்ல தானா மருந்து ஏறிடாதா?" நியாயமான கேள்வி. மின்சாரத்தில் வேலை செய்யும் இந்த வகைக் கம்பிகள் பொதுவாக 70 முதல் 90 டிகிரி செல்சியஸில் சுருங்கும்படி செய்யப்படுகின்றன. திருப்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாலும் அந்தச் சூடு வராது. கம்பி டப்பாவுக்குள் இருக்கிறது, தோலையும் மருந்தையும் தொடுவதில்லை. அதன் எடை மிகக் குறைவு என்பதால் அது விடும் சூடும் மிகக் குறைவு. வெயிலில் நீங்கள் கவலைப்பட வேண்டியது கம்பியைப் பற்றி அல்ல, இன்சுலினைப் பற்றி. அது வெயிலில் கெட்டுப்போகும். வண்டி டேங்க் கவரில் வைத்து எடுத்துப் போகாதீங்க.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். இந்த த்ரெட்டை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோயமுத்தூர் என்ன ஊர்? 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லும் பம்பும் பெருகிய ஊர். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவில் முதல் மின் மோட்டாரைச் செய்து வெளியே கொண்டுவந்த ஊர். இன்றைக்கும் ஒரு தெருவில் நாலு பட்டறை, ஒரு வீட்டில் ஒரு லேத். பக்கத்தில் திருப்பூர், நூலைப் பின்னி உலகத்துக்கே பனியன் போடும் ஊர். மோட்டார் தெரியும், உலோகம் தெரியும், பின்னல் தெரியும்.

பின்னல் எதற்கு என்று கேட்டால், இதே உலோகத்தின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும்.

சில குழந்தைகளுக்கு இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும். ஏ.எஸ்.டி. என்போம். முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்துதான் தைக்க வேண்டும். இப்போது தகுந்த ஓட்டையாக இருந்தால் தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதற்குள் சுருட்டி வைத்த ஒரு வலையை ஓட்டையில் விரித்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தட்டு, நடுவில் இடுப்பு. சட்டைப் பொத்தான் மாதிரி பிடித்துக்கொள்ளும். அந்த வலை நிட்டினால் கம்பியில் பின்னியது. உள்ளே பாலியஸ்டர் துணி. குழாயை விட்டு வெளியே வந்ததும் தன் பழைய வடிவத்துக்கு அதுவே விரிகிறது. மின்சாரம்கூட வேண்டாம். அந்த வெப்பநிலையில் இந்த உலோகம் நன்றாக மடக்கினாலும் ஓர் அளவு வரை ரப்பர் மாதிரி திரும்ப வரும்.

நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. கிராமத்துக் குழந்தைகள் பலர் இதனால் தழும்பே இல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் இந்த வலைகளை நாம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வாங்கி வந்திருக்கிறோம். கம்பியைப் பின்னுவது, அச்சில் ஏற்றுவது, சுமார் 500 டிகிரியில் சில நிமிடம் வைத்து தண்ணீரில் குளிர்விப்பது, உள்ளே துணி தைப்பது. இந்த வார்த்தைகளை ஒரு திருப்பூர்க்காரரிடமும் ஒரு கோவை ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடமும் சொல்லிப் பாருங்க. முகத்தில் ஆச்சரியம் வராது. "எத்தன மைக்ரான் கம்பிங்க?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தியாவில் யாரும் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனமும் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகமும் சேர்ந்து, இந்தியாவிலேயே உருவாக்கிய நிட்டினாலில் ஏ.எஸ்.டி. அடைப்பானையும், மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கான ஒரு ஸ்டென்ட்டையும் உருவாக்கின. விமானத்துக்கு உலோகம் செய்பவர்களும் இதய டாக்டர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்தது. 2020இல் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்ட நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? புனே.

புனேக்காரர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் ஆதங்கம் நம்ம மேல்தான். பீளமேட்டில் சிட்ரா இருக்கிறது, 1956இல் மில் முதலாளிகள் காலத்தில் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிலையம். மருத்துவ ஜவுளிக்கென்றே அங்கு ஒரு சிறப்பு மையம் இருக்கிறது. சுற்றிலும் எஞ்சினியரிங் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரிகள். ஆனால் பட்டறைக்காரருக்கு வார்டில் என்ன இல்லை என்று தெரியாது. வார்டில் இருக்கும் எனக்குப் பட்டறையில் என்ன முடியும் என்று தெரியாது. ஒரு காயில் கட்டுகிறவர் கேட்ட பிறகுதான், பத்து வருஷம் பிராக்டீஸ் பண்ணின நான் பம்புக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அந்த லட்சணத்தில்தான் இருக்கிறோம்.

"டாக்டர், உயிர் விஷயம். நம்ம ஊர்க்காரன் சீப்பா பண்றேன்னு ஏதாவது பண்ணி ஆள் செத்துட்டா?" இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்சுலின் ஒரு தள்ளல் கூடினால் ஒன்றும் ஆகாது. நூறு தள்ளல் கூடினால் அந்தக் குழந்தை தூக்கத்திலேயே போய்விடும். இது ஷெட்டில் கட்டி விற்கும் சாமான் இல்லை. 2017 மருத்துவ உபகரண விதிகளின்படி ஆபத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பு இருக்கிறது. சி, டி வகுப்புக்கு 2023 அக்டோபர் முதல் லைசென்ஸ் கட்டாயம். அந்தச் சோதனைகள் இருக்கத்தான் வேண்டும். யாராவது அதைச் சுருக்குவழியில் தாண்டினால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன்.

நிட்டினாலை உருக்குவதும் நம்ம பவுண்டரியில் வார்ப்பிரும்பு ஊற்றுவது மாதிரி இல்லை. டைட்டானியம் காற்றைக் கண்டால் கெட்டுப்போகும், வெற்றிட உலையில்தான் உருக்க வேண்டும். நிக்கல் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் சுருங்கும் வெப்பநிலை பத்து டிகிரி வரை தள்ளிப்போகும். அந்த வேலையை அதற்கானவர்களிடம் விட்டுவிடலாம். கம்பியை வாங்கிக்கொண்டு, வடிவம் ஏற்றுவது, பின்னுவது, பொறி அமைப்பது, லட்சம் தடவை ஓடவிட்டு எங்கே அறுகிறது என்று பார்ப்பது. இது நமக்கு வரும்.

பொறுமையும் வேண்டும். சித்ரா இதய வால்வு கதை பலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவின் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நாலாவதுதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். மூன்றாவது தோல்வியில் "இம்போர்ட்டே வாங்கிக்கலாம்" என்று யாராவது ஃபைலை மூடியிருந்தால், அதற்குப் பிறகு அந்த வால்வோடு வாழ்ந்தவர்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

எடுத்தவுடன் இன்சுலின் பம்பு வேண்டாம். வார்டில் இருந்து ஒரு சின்ன வேலை சொல்கிறேன்.

நம்ம வார்டுகளில் சலைன் ஏறுவதை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம்? ட்யூபில் இருக்கும் சின்ன உருளையைக் கட்டைவிரலால் நகர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து சொட்டு எண்ணுகிறோம். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும், பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் "சீக்கிரம் முடியட்டும்" என்று உருளையைத் திறந்துவிடுவார். ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை என்று உங்களுக்கே தெரியும். இன்ஃப்யூஷன் பம்பு ஐ.சி.யூ.வுக்கே பத்தாது. சொட்டை எண்ணும் ஒரு சென்சார், ட்யூபை வெளியிலிருந்து நசுக்கும் ஒரு ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கை இழுத்துத் திறக்கும் ஒரு நிட்டினால் கம்பி. கரண்ட் போனால் ஸ்பிரிங் மூடிக்கொள்ளும், அலாரம் அடிக்கும். மருந்தைத் தொடாது, உடம்புக்குள் போகாது. எல்லா மருந்துக்கும் இது ஆகாது, சில மருந்துகள் நின்றாலே ஆபத்து. சாதாரண சலைனுக்கு ஆகும். ட்யூபை நசுக்கும் இந்த மாதிரி வால்வுகள் உலகத்தில் ஏற்கெனவே உண்டு. நம்ம வார்டுக்குத் தகுந்த விலையில், நம்ம கரண்டுக்குத் தகுந்த மாதிரி ஒன்றைத்தான் கேட்கிறேன்.

எஞ்சினியரிங் ஃபைனல் இயர் பசங்க வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோ செய்கிறீர்களே கண்ணுகளா, ஒரு தடவை வார்டுக்கு வாங்க. அரை நாள் எங்களோடு நில்லுங்க. பத்து ப்ராஜெக்ட் கிடைக்கும்.

அரசிடமும் ஒரு வார்த்தை. மருத்துவ உபகரணப் பூங்கா ஒரகடத்தில் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் பின்னலும் பட்டறையும் இருக்கும் கொங்கு மண்டலத்துக்கும் ஒரு சோதனைக்கூடம் வேண்டும். சின்னப் பட்டறைக்காரர் தன் மாதிரியை எடுத்துக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் அலையாமல், இங்கேயே கட்டணம் கட்டிச் சோதித்து, "இது தேறாது, இந்த இடத்தில் அறுகிறது" என்று எழுதி வாங்கும் இடம்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன்.

பம்பு அவர்களுக்கு இன்றைக்குக் கட்டாது. பம்புகளின் விலை லட்சக்கணக்கில், அப்புறம் மாசாமாசம் ஆயிரக்கணக்கில் செலவு. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம், பம்பு இல்லை. பம்பு வாங்கினாலும் அது நோயைக் குணமாக்காது. சர்க்கரை பார்க்க வேண்டும், சாப்பாட்டைக் கணக்குப் போட வேண்டும். கம்பி அறுந்தாலோ ஒட்டியது கழன்றாலோ சில மணி நேரத்தில் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், எனவே ஊசியும் கையில் இருக்க வேண்டும். இதையும் அவருக்குச் சொன்னேன்.

அவனுக்கு உடனே தேவைப்பட்டது வேறு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அம்மா தன் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். மதியம் பன்னிரண்டரைக்கு அவன் அங்கே போய் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறான். இதைப் படிக்கும் ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் டைப் 1 குழந்தை இருந்தால் அந்த நாற்காலியை நீங்களும் போடுங்க. பெற்றோர்களே, யார் என்ன சொன்னாலும் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க.

இந்த மாதம் அவர்கள் வந்தபோது, பல் டாக்டர் நண்பரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரு துண்டுக் கம்பியை எடுத்தேன். பல் வரிசைப்படுத்தப் போடுவது, சூட்டில் இறுகும் நிட்டினால் வகை. "போன தடவை நான் சொன்னது தப்புங்க. மோட்டார் இல்லாமலும் பம்பு இருக்கு. இதுதான் அந்தக் கம்பி ஜாதி" என்று கொடுத்தேன். அவர் கோணல்மாணலாக முறுக்கினார். கேன்டீன் சுடுதண்ணி டம்ளரில் போடச் சொன்னேன். போட்டதும் அது வளைந்து தன் பழைய வடிவத்துக்கு வந்து நின்றது.

பையன் எடுத்து முறுக்கினான், போட்டான். மறுபடி முறுக்கினான், போட்டான். பின்னாடி வரிசை நின்றது, நின்றால் நிற்கட்டும்.

அப்பா ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் செப்புக் கம்பியைச் சுற்றிய கை.

"டாக்டர், இந்தத் துண்ட நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா? எங்க மொதலாளிகிட்ட ஒருக்கா காட்டோணும்."

கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பட்டறை வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்க. வார்டு பார்க்க வர விரும்புகிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்க.

ஒரு அரசு மருத்துவர்,
கோவை